தம்பியின் பாதி வருடம்

எனக்குக் காய்ச்சல் வந்து படுத்த கிழமை, நான் கழுவும் மாடிப்படிகளை யாரோ கழுவிவிட்டிருந்தார்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் எழும்பிப் போனபோதுதான், உன் தங்கச்சி வந்தாளே என்று வீட்டுக்காரச் சின்யோரா சொன்னார். எனக்குத் தங்கச்சி இல்லை. அது பக்கத்து அறை அமலினி. தன் வேலை முடித்துப் போய்ச் செய்திருக்கிறாள். என்னிடம் மூச்சும் விடவில்லை.

அவளுக்கு ஒரே தம்பி, கீர்த்திகன். ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் பாறையில் நின்ற அவன் மனைவி ஜெனனியை அலை கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. உடலைக் காணாமல் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்யமாட்டேன் என்றான் அவன். அந்தியேட்டி முடியும்வரை செத்தவர் பேரில் வைத்த விளக்கு அணையக் கூடாதே. அந்த விளக்கைப் பாறைப் பொந்தில் வைத்து, வேலையையும் விட்டுப் பின்னேரங்களில் அங்கேயே கிடந்தான். வரவரத் தண்ணீருக்குக் கிட்டப் போய் இருந்தான். ஜெனனி கூப்பிடுகிறாள் என்பான். நாங்கள் அருச்சனை செய்தும் அவன் மனம் திரும்பவில்லை.

அமலினி சம்பளத்துக்குப் பராமரித்த கிழவி நன்றாகப் படித்தவர். அந்தக் காலத்துச் சுமேரியரின் கதை ஒன்றை அவளுக்குச் சொன்னாராம். செத்தவர்களின் உலகத்து ஆட்கள் ஒருவனைப் பிடிக்க வருகிறார்கள். வருடத்தில் பாதி அவனுக்குப் பதிலாக நான் வருகிறேன் என்று அவன் சகோதரி கீழே போகிறாள். அவள் திரும்பி வந்தாளா என்று அமலினி கேட்டிருக்கிறாள். வந்தாள், அவள் மேலே வர அவன் கீழே போனான் என்றாராம் கிழவி.

அதற்குப் பிறகுதான், மாரி முழுக்க விளக்கு என் பொறுப்பு, கோடை உன்னுடையது என்று தம்பியை மறித்தாள். அவன் வேலைக்குப் போனான், சோறு தின்றான், ஒரு நாள் சிரித்தும்விட்டான். அவள்தான் மெலிந்துகொண்டு போனாள். காலில் போட்ட சப்பாத்தில் கடல் உப்புப் படிந்திருக்கும். கதைத்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்ப்பாள். அவளுக்கு நான் விபூதி பூசிவிடுவேன்.

மாரி முடிந்தது. மொண்டெல்லோக் கடற்கரையில் வெயிலுக்குக் குடைகள் விரித்துவிட்டார்கள். எண்ணெய்ப் போத்தலோடு பஸ்ஸுக்கு நின்றவளிடம், உன் பங்கு முடிந்ததுதானே, வீட்டில் இரு என்றேன்.

"என்ரை முறை முடிஞ்சால் அவன்ரை முறை தொடங்கும், அக்கா. அதுதான் நான் முடிக்கேல்லை."

இன்றைக்கு நான் போகிறேன் என்று போத்தலைப் பிடித்தேன். அவளை நான் கண்டது அதுவே கடைசி. அன்றைக்குப் பாறையடியில் கடல் அசையாமல் கிடந்தது என்று, அவளைத் தேடிப் போனவர்கள் பிறகு சொன்னார்கள். பஸ் வர, என் விரல்களை மெல்ல விடுவித்தாள்.

"நீங்கள் போய்ப் படியைக் கழுவுங்கோ. எனக்குப் பதிலா ஒருத்தரும் வரக் கூடாது."