அழகம்மை ஒப்பிக்கக் கேட்ட ஜெட் பாடம்

இலங்கை மலைநாட்டில், அந்தக் காலத்து அட்டன் கடைவீதியில் பெரியதம்பி கடை என்றால் பொகவந்தலாவை, கொத்மலை வரைக்கும் தெரியும். கீழே அரிசி, பருப்பு, மிளகாய் மூட்டைகள், மேலே வீடு. அந்த வீட்டுக்கு ஒரே மகள் அழகம்மை. கொன்வெண்டில் இங்கிலீஷ் படித்துத் தேறியவள். அவளுக்கு முறைமாப்பிள்ளை தலவாக்கலை வீரபத்திரன், பெரியதம்பியின் கூடப்பிறந்த அக்கா மகன். இரண்டு பேரும் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே பெரியவர்கள் பேசி வைத்த உறவு அது.

கெடுத்தது விமானம்தான். வீரபத்திரனின் அப்பா அரசாங்கக் கச்சேரி கச்சேரியாக அலைந்து இலங்கைப் பிரஜாவுரிமை வாங்கி வைத்திருந்ததால், பையனால் கொழும்புப் பக்கத்து ரத்மலானையில் விமானம் ஓட்டப் படிக்க முடிந்தது. காற்றாடி வைத்த விமானம் போய் ஜெட் வந்த நேரம். அதற்கும் ஆள் எடுத்தார்கள். முதலில் எழுத்துப் பரீட்சை.

பெரியதம்பி சாப்பாட்டில் கை வைத்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பரீட்சையில தவறிட்டான்னா கடைக்கு வரட்டும். தை மாசமே தாலி கட்டட்டும். பாஸ் பண்ணிட்டான்னா அவன் வழிய அவன் பாத்துக்கட்டும். பறக்கிற பயலுக்கு எம் பொண்ணு இல்ல."

விழுந்து செத்துப்போவான் என்ற பயத்தில் சொல்கிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அழகம்மையும் அப்படித்தான் நினைத்தாள்.

அக்கா மகனை வாசலில் நிறுத்தவும் முடியாதே. லீவில் வந்த வீரபத்திரன் காலை ரயிலில் தலவாக்கலையிலிருந்து வந்து இறங்குவான். கையில் ஒரு கட்டு ரோனியோவில் அச்சடித்த பாடத்தாள். அவனுக்குப் படித்தது தானாக மனதில் நிற்காது. யாராவது கேட்டால்தான் நிற்கும். கேட்க அழகம்மையை விட்டால் யார்? மாடியில் அவள் தாளைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். நடுவில் அவள் அம்மா தனலெட்சுமி சுளகை வைத்துக்கொண்டு பருப்பில் கல் பொறுக்குவாள். வெளியே அட்டன் மழை ஓயாமல் பெய்யும்.

"காத்த உறிஞ்சி அழுத்துறது எது?"

"கொம்பிரசர்."

"அதச் சுத்த வைக்கிறது?"

"பின்னால இருக்கிற டர்பைன். எரிஞ்ச காத்து அதச் சுத்திட்டு வெளிய போகும்."

"டிசிஷன் ஸ்பீட்னா என்ன?"

"ஓடிக்கிட்டிருக்கிறப்ப ஒரு எஞ்சின் நின்னுபோச்சுன்னு வையி. அந்த வேகத்துக்குள்ளன்னா பிரேக் போட்டு ரன்வேயிலயே நிறுத்திரலாம். அதத் தாண்டிட்டா நிக்கக் கூடாது, மிச்ச எஞ்சின வச்சு ஏறிறணும்."

"இப்பவே இந்த மெரட்டு மெரட்டுறாளே," என்பாள் தனலெட்சுமி. "நாளைக்கு ஒனக்குச் சோறு போடுறதுக்கும் கேள்வி கேப்பா தம்பி."

அழகம்மை சிரிக்கவில்லை. இவன் ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்லச் சொல்ல, தை மாதம் அவளை விட்டுத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

பரீட்சைக்குப் போகுமுன் கடைசியாக ஒப்பித்த அன்று கேட்டாள்.

"ரன்வே நனைஞ்சிருந்தா டிசிஷன் ஸ்பீட் கூடுமா, குறையுமா?"

"கூடும்," என்றான் அவன், யோசிக்காமல்.

தப்பு. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த கேள்விக்குப் போய்விட்டால் யாருக்கும் தெரியாது. இப்படி இரண்டு மூன்றை விட்டுவிட்டால் போதும், அவன் கல்லாவில் உட்கார்ந்துவிடுவான். அவள் தாளை மடியில் வைத்தாள். மழையில் இப்படி ஒரு ரன்வேயில் இவன் ஓடுவதை நினைத்துப் பார்த்தாள்.

"குறையும் அத்தான். ஈரத்துல பிரேக் பிடிக்க இடம் கூட வேணும். அதனால நிக்கிறதுன்னா சீக்கிரமே முடிவு பண்ணிரணும். திருப்பிச் சொல்லுங்க."

அவன் திருப்பிச் சொன்னான். பரீட்சையிலும் தேறினான்.

செய்தியை அப்பாவிடம் சொல்ல அவளே போனாள். மத்தியானம், சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தான் பாஸ் பண்ணிட்டாங்கப்பா. விழுந்துருவாங்கன்னுதானே பயப்படுறீங்க?"

"யாரு பயந்தா?" அவர் குரல் ஏறியது. "எனக்கு அந்த மனுசங்களே ஆகாது. ஒங்க அத்தையோட கடைசி மகளுக்கு இந்தியாவுல நம்ம ஊர்ல காது குத்தினப்போ நான் பிளேன்ல போனேன்ல? என்னையத் தராசுல ஏத்தி எடை போட்டானுங்க. நான் என்ன மொளகா மூட்டையா? நிறுத்துட்டு, சீர்ப் பெட்டிய எறக்கி வச்சுட்டானுங்க. கொலசாமி கோயில்ல அத்தன பங்காளிங்களுக்கு முன்னால, வெறுங்கையோட நின்ன தாய்மாமன் நான். அக்கா ஒண்ணும் சொல்லல. அதான் இன்னும் கேவலம்."

இத்தனை வருடம் நெஞ்சுக்குள் வைத்திருந்தது அது. அழகம்மை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மத்தியானமாப்பா கெளம்புனீங்க?"

"ஆமா. மண்டையப் பொளக்கிற வெயில்."

"வெயில் ஏறுனா காத்து லேசாயிரும்ப்பா. ரெக்கைக்கும் பிடிப்புக் குறையும், எஞ்சினுக்கும் தெம்பு குறையும். அதே பாரத்தோட ஏறணும்னா ரொம்பத் தூரம் ஓடணும். அந்த நேரம் ஒரு எஞ்சின் நின்னா ரன்வே முனையில இருக்கிற தென்னந்தோப்பத் தாண்ட முடியாது. அதான் எல்லாரையும் எடை போட்டு, கூடுதல எறக்குறாங்க."

பெரியதம்பி வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். பாரம் ஏற்றிய லொறிகளை மலையில் அனுப்பிய மனிதர்.

"சரி. யாரு பெட்டிய எறக்கணும்னு அந்தப் பாடத்துல எழுதியிருக்கா?"

"அது எழுதலப்பா."

"அப்ப ஏன் எம் பெட்டி?"

"அத அத்தானத்தான் கேக்கணும்."

"வரச் சொல்லு. கேக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை வீரபத்திரன் வந்தான். பெரியதம்பி நாற்காலியைக்கூடக் காட்டாமல் கேட்டார். அவன் நின்றபடியே பதில் சொன்னான்.

"கடைசியா ஏத்துனத மொதல்ல எறக்கியிருப்பாங்க மாமா. நீங்க கடைசியா வந்தீங்களா?"

தனலெட்சுமிதான் உள்ளேயிருந்து சொன்னாள்.

"வெள்ளிக்கெழம தம்பி. ராகு காலம் கழியட்டும்னு ஏர்போர்ட் கேட்டுக்கு வெளிய மரத்தடியில நின்னாரு. நானும் வழியனுப்ப வந்து கூடவே நின்னேன். எல்லாரும் உள்ள போயாச்சு."

"ஒன்னைய யாரு கேட்டா?" என்றார் பெரியதம்பி. மருமகன் பக்கம் திரும்பினார். "எறக்குனவன், இது தாய்மாமன் சீரு, அடுத்ததுல அனுப்பி வைக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும் மாமா. நான் சொல்லுவேன்." பிறகு, "ஆனா நானும் எறக்கத்தான் செய்வேன்," என்றான்.

பெரியதம்பி அவனை ஏற இறங்கப் பார்த்தார். நாற்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. மாமனுக்காகக்கூடப் பாரம் கூட்டாத பயல நம்பிப் பொண்ணு குடுக்கலாம். தனலெட்சுமி, அக்காவுக்கு ஆளனுப்பு. பெரியவங்க இல்லாம தட்டு மாத்த முடியுமா? தை மாசமே வச்சுக்குவோம்."

கதவுக்குப் பின்னாலிருந்து அழகம்மை சொன்னாள்: "தை மாசம் அத்தானுக்கு லீவு இல்லப்பா. பயிற்சி."

"அப்ப மாசி," என்றார் பெரியதம்பி.