மார்கழிக் குளிரில் இறுகிய கிரீஸ்

மல்லசமுத்திரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சரவணமுத்துவுக்கு, பழைய ஜப்பான் சைக்கிள்கள் சேலத்தில் விற்பனைக்கு வந்து இறங்கிய பிறகுதான் வேலை கூடியது. அந்தச் சைக்கிள்களில் கியர் வெளியே தெரியாது. பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள்ளேயே பல்சக்கரங்கள் அத்தனையும் அடைந்து கிடக்கும். மற்ற கடைக்காரர்கள் திறக்கப் பயந்தார்கள். சரவணமுத்து சொந்தக் காசில் ஒன்றை வாங்கிக் கழற்றி, திரும்பப் பூட்டத் தெரியாமல் பாழாக்கினார். இன்னொன்றையும் பாழாக்கினார். அப்புறம் கை பழகிவிட்டது.

நூல் மில்லில் வேலை பார்த்த கந்தம்மாளிடமும் அப்படி ஒரு சைக்கிள் இருந்தது. புருஷன் சின்னண்ணன் போர்வெல் வண்டியோடு வடநாட்டில் கிடந்தான். விடியற்கால ஷிப்டுக்கு அவள் சைக்கிளை நம்பித்தான் போய்வந்தாள். ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒருநாள் கடைக்கு வந்தாள்.

"ஏனுங்ணா, ஏறி மிதிச்சா உள்ளார கரகரங்குதுங்க."

"மழத்தண்ணி எறங்கியிருக்கும் அம்மிணி. உட்டுட்டுப் போ, பாத்து வெக்கறேன்."

திறந்தபோது துருநீர் வடிந்தது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். உள்ளே சின்னச் சின்ன நாக்குகள் இருக்கும். முடி போன்ற ஸ்பிரிங் அவற்றை எழுப்பிப் பல்லில் மாட்டிவிட்டால்தான் மிதி பிடிக்கும். அவற்றுக்கு இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும், கிரீஸ் பேரிங் குண்டுகளுக்கு மட்டுந்தான். இது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மறுபடி தண்ணீர் இறங்கி அந்தப் பிள்ளை சிரமப்படக் கூடாதே என்று, லாரிச் சக்கரத்துக்கு வைக்கிற கெட்டிக் கிரீஸை உள்ளே முழுக்க அப்பினார். உச்சிவெயிலில் ஓட்டிப் பார்த்தார். வழுவழுவென்று ஓடியது.

மார்கழி பிறந்து குளிர் இறங்கிய ஒரு விடியலில், ஏரிக்கரை மேட்டில் கந்தம்மாள் எழுந்து நின்று மிதித்தாள். மிதி பிடிக்காமல் வெறுமனே சுழன்றது. நிலைகுலைந்து சாலைப் பக்கம் விழுந்தாள். பின்னால் வந்த முட்டை லாரியின் சக்கரம் வலது காலில் ஏறிவிட்டது. டீக்கடையில் நின்றவர்கள் ஓடிவந்து டிரைவர் குணசீலனை இழுத்துப்போட்டு அடித்தார்கள். சேலத்து ஆஸ்பத்திரியில் கந்தம்மாளின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

போலீஸ் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்ததும், ஊருக்கு வந்திருந்த சின்னண்ணன் அதைக் கடையில் கொண்டுவந்து சாத்தினான். "இது இங்கயே கெடக்கட்டுங்க. ஊட்டுல வெச்சுப் பாக்க முடியல."

மறுநாள் காலை, குளிர் விடுமுன்பே சரவணமுத்து ஹப்பைத் திறந்தார். நாக்குகள் கிரீஸில் புதைந்து படுத்துக் கிடந்தன. நகத்தால் ஒன்றை நெம்பினார். மெதுவாக எழுந்தது, கையை எடுத்ததும் கிரீஸ் இழுக்கத் திரும்பப் படுத்துக்கொண்டது. கடையைச் சாத்திவிட்டுச் சேலத்து ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்.

"கந்தம்மா, லாரிக்காரன் மேல தப்பில்ல. நான் வெச்ச கிரீசு குளுருக்கு எறுகிப் போயிருக்குது. அதான் மிதி புடிக்கல."

அவள் போர்வைக்கு அடியில் கால் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணும்னேவா பண்ணுனீங்க?"

"இல்ல சாமி."

"அப்ப வெளிய சொல்லாதீங்க. நட்டஈட்டுக் கேசு அந்த லாரி மேல இருக்குது. அதுவும் போச்சுன்னா நான் என்னத்த வெச்சுப் பொழைக்கறது?"

அவர் தலையாட்டினார். பல மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சோறு இறங்காமல் உடம்பு பாதியானது. பொண்டாட்டி கேட்டபோது வயிற்றுவலி என்றார்.

மழைக்காலம் திரும்பி வந்த சமயத்தில் குணசீலனே கடைக்கு வந்தான். ஒரு காது கேட்கவில்லை, அன்றைக்கு வாங்கிய அடி. வண்டி கொடுக்க ஆளில்லாமல் கோழிப்பண்ணையில் தீவன மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.

"அந்தம்மா மிதிச்ச மிதி சும்மா சுத்துச்சுங்க. என் கண்ணால பாத்தேன். சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. சைக்கிள்ல ஏதாச்சும் கோளாறு இருந்துதுங்களா?"

தலையைத் திருப்பி, கேட்கிற காதை அவர் பக்கம் காட்டி நின்றான். அப்படி நின்றவனிடம் சரவணமுத்துவால் பொய் சொல்ல முடியவில்லை.

"இருந்துச்சுப்பா. என் கைவேலதான்."

திருச்செங்கோடு கோர்ட்டில் கூண்டேறி அதையே சொன்னார். கிரீஸ் என்றதும் யாரோ சிரித்தார்கள். ஆனாலும் அவர் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். பிறகு குணசீலன் விடுதலையானான். தீர்ப்பன்று சரவணமுத்து அவன் கையைப் பிடிக்கப் போனார். அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"இத்தன மாசம் எங்கீங்க இருந்தீங்க?"

 வராந்தாவில் சின்னண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனான். கந்தம்மாள் ஊன்றுகோலோடு படியிறங்கத் திணறினாள். சரவணமுத்து ஓடிப்போய்க் கை நீட்டினார்.

"வேண்டாமுங்க," என்றாள்.  சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். அவள் ஆட்டோவில் ஏறிப் போகும்வரை அவர் மேற்படியிலேயே நின்றிருந்தார்.