கூஜாவில் பூண்டி ஏரி

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் திருவள்ளூரில் குமாஸ்தாவாகவும் கல்யாணமான பிரம்மச்சாரியாகவும் இருந்தேன். பிரசவத்துக்கு மெட்ராஸ் போன மனைவியை மாமியார் திருப்பி அனுப்பவில்லை. மகனுக்குத் தலை நின்றது, குப்புற விழுந்தான், தவழவும் ஆரம்பித்தான். மாமியாரின் பதில் மட்டும் மாறவில்லை.

“கொயந்தைக்கு உங்க ஊரு தண்ணி ஒத்துக்காது மாப்ள. இங்க பைப்புத் தண்ணி குடிச்சி வளர்ந்துக்கினு இருக்குது. கொஞ்ச நாள் போவட்டும்.”

நிறையப் படித்தவன் என்ற நினைப்பு எனக்கு உண்டு. ஆகவே வாதத்தால் வெல்லத் திட்டமிட்டேன். காணும் பொங்கலுக்கு எல்லோரையும் பூண்டி ஏரிக்கு அழைத்துப்போய், மெட்ராஸ் குழாயில் வருவது இந்தத் தண்ணீர்தான் என்று காட்டிவிட்டு, அப்படியே மனைவியையும் மகனையும் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவது.

மாமியார் ரயிலிலிருந்து இறங்கும்போதே ஒரு கையில் பேரன், மறு கையில் கூஜா நிறையப் பைப்புத் தண்ணீர். பின்னால் மனைவியும் மாமனாரும். பூண்டி பஸ்ஸில் அந்தக் கூஜா என் மடியில் உட்கார்ந்து வந்தது.

ஏரி தளும்பி நின்றது. கரை முழுக்கக் கூட்டம், புளிசாதம், வறுத்த மீன். நான் கால்வாயைக் காட்டி, தண்ணீர் இங்கிருந்து புழல் ஏரிக்குப் போய் மாமியார் வீட்டுக் குழாய்க்கு வரும் கதையை விளக்கினேன்.

“கூஜாத் தண்ணி பொறந்த வீட்டுக்கு வந்திருக்கு அத்தே” என்று முடித்தேன்.

மாமியார் ஏரியைப் பார்த்தார். ஒருவர் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சில எருமைகள் கழுத்தளவு நீரில் பொங்கல் விடுமுறையை அனுபவித்துக்கொண்டிருந்தன.

“இதையா நாங்க குடிச்சிக்கினு இருக்கோம்?”

“நடுவுல வடிகட்டுவாங்க அத்தே.”

“எருமைய வடிகட்டிருவான் மாப்ள. மத்ததெல்லாம்?”

மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்த மாமனார், “இத்தினி வருசமா குடிச்சியே, இன்னா ஆயிட்ட இப்ப?” என்றார். யாரும் கவனிக்கவில்லை.

“உங்க ஊட்ல இன்னா தண்ணி?” என்று மாமியார் என்னைக் கேட்டார்.

“கெணறு” என்றேன், தோற்றவன் குரலில்.

“மூடி இருக்குதா?”

“இருக்கு.”

மாமியார் கூஜாவை ஏரியில் கவிழ்த்தார். “இன்னிக்கே போலாம். கொயந்த இனிமே மெட்ராஸ் தண்ணி குடிக்காது.”

மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் என் ஏற்பாட்டின்படி நடந்ததுபோல் நான் தலையாட்டினேன்.

மாமியாரும் கூடவே வந்தார். அவர் மட்டும் அந்த மெட்ராஸ் தண்ணீரை எப்படிக் குடிப்பார்? ஆடி மாதம் வரை என் கிணற்றைப் புகழ்ந்துகொண்டு எங்களோடு இருந்தார். என் மகன் என் காலைப் பிடித்து எழுந்து நின்றதை நான் பார்க்க முடிந்ததால், எனக்குக் குறையொன்றும் இல்லை. மாமனார் மெட்ராஸில் தனியாகப் பைப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் பார்க்க வரும்போது அவர் முகத்தில் அப்படியொரு தெளிவு.