கங்காருக் குட்டிக்கு ஆள் தேடிய மாலை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், யார் வீட்டில் கிழவர் படுத்தாலும் கலாதேவியைத்தான் கூப்பிடுவார்கள். பதினைந்து வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டத் தொடங்கியவள். தோட்டத்தை மூடிய பிறகு ஈப்போவில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருஷம் மலமும் மூத்திரமும் அள்ளினாள். நடுவில் இரண்டு தம்பிகள், ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்த மாமியார், செத்துப்போன நாத்தனாரின் பிள்ளை என்று எல்லாரையும் பார்த்துக்கொண்டாள். ஐம்பத்தாறு வயதில், எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி ஒன்று அவள் எலும்புக்குள் குடியேறியிருந்தது.

மகள் ஷர்மினி ஆஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டபோது, "ஒரு மாசம் சும்மா இருந்துட்டு வாரேன்லா," என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் 'சும்மா'வை எத்தனை ஆசையாகச் சொன்னாள்!

பெர்த்தில் நாலாம் நாளே மகள் கேட்டுவிட்டாள். "என் பிள்ளைய நீயே பார்த்துக்கம்மா. மூணு வருஷம்தான். விசாவுக்கு உன் மாப்பிள்ள தனேஷ் வழி பார்ப்பாரு. நர்சரியில இடம் வேணுமா வேணாமான்னு திங்கக்கிழமை சொல்லணும்."

"பார்ப்போம்," என்றாள் கலாதேவி. 'முடியாது' என்று அவள் ஆயுசில் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கடற்கரையிலிருந்து திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சாலையோரம் பழுப்பாக ஏதோ கிடந்தது. ஷர்மினி காரை ஓரங்கட்டினாள். பின்சீட்டில் பேத்தி தூங்கினாள்.

"கங்காரும்மா. எவனோ அடிச்சுப் போட்டுட்டான். பையில குட்டி இருக்கான்னு பார்க்கணும்."

கலாதேவிதான் முதலில் இறங்கினாள். தாயின் வயிற்றுப் பை மெல்ல அசைந்தது. உள்ளே இரண்டு பெரிய காதுகள், ஈரமான இரண்டு கண்கள். ஐயோ, தாய் போனது தெரியாமல் அவள் உடம்பின் கடைசிச் சூட்டில் ஒண்டிக் கிடந்தது அந்தச் சீவன்!

ஸ்வெட்டரைக் கழற்றிச் சுற்றி, குட்டியை மார்போடு அணைத்தாள். அவள் கை தானாகப் பேத்தியின் பால் புட்டிக்குப் போனது.

"குடுக்காதம்மா! அந்தப் பால் அதுக்கு ஆகாது, செத்துடும். தாயில்லாத குட்டிங்கள வளர்க்கிறவங்க இருக்காங்க, போன் போடுறேன்."

ஒரு பெண்மணி எடுத்தாள். இந்தக் குட்டிகளுக்கு ராப்பகலாகப் பால் புகட்டிப் பத்து வருஷம் வளர்த்தவளாம். "இந்த வருஷம் எனக்கு ஓய்வு. என்னால் முடியாது. வேறு நம்பர் தருகிறேன்," என்றாள் அன்பாகவே.

அடுத்த நம்பர்காரி அரை மணியில் துணிப்பையோடு வந்து, ஸ்வெட்டரோடு குட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

கார் கிளம்பியது. கலாதேவி மகளிடம் கேட்டாள்.

"ஏண்டி, மொதல்ல ஒருத்தங்க முடியாதுன்னாங்களே, அவங்க மேல உனக்குக் கோவம் இல்லையா?"

"எதுக்கும்மா கோவம்? முடியாட்டி முடியாதுன்னு சொல்லணும்லா. இல்லாட்டி குட்டிக்குத்தான கஷ்டம்," என்றாள் ஷர்மினி.

கலாதேவி மகள் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நானும் சொல்றேன்டி. என்னால முடியல. பேத்தி மேல உசிரு இருக்கு. ஒடம்புலதான் ஒண்ணும் மிச்சமில்ல."

அழுகை வந்துவிட்டது. மாமியார் செத்தபோதுகூட அவள் இப்படி அழவில்லை.

ஷர்மினி காரை நிறுத்தினாள். இறங்கிச் சுற்றி வந்து, அம்மா பக்கத்துக் கதவைத் திறந்தாள். சீட்டைப் பின்னால் சாய்த்து, தன் ஸ்வெட்டரை அம்மாவுக்குப் போர்த்தினாள்.

"தூங்கும்மா. நர்சரியில இடம் வேணும்னு நான் காலையில சொல்லிக்கிறேன்."

வீடு வந்ததுகூடக் கலாதேவிக்குத் தெரியாது.