ரூபினி நேரம் கேட்ட கதை

ரூபினிக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது. கணவன் மகேன் மலைமேல் இருக்கும் திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரியைக் கீழே ஈப்போ நகரத்துக்கு ஓட்டிப் போய்த் திரும்புவதற்குள், வளைவுக்கு வளைவு போன் போட்டு, "எங்க வர்றீங்க?" என்று அவன் உயிரை வாங்கிவிடுவாள்.

தேயிலை ஆலையில் அவள்தான் டெக்னீஷியன். தூளில் கலந்த காம்பைக் கேமரா கண்டுபிடிக்க, சரியான கணத்தில் காற்றை ஊதி அதை வெளியே தள்ளும் இயந்திரம் ஒன்று அங்கே இருக்கிறது. அதற்குப் புரோகிராம் எழுதியவள் ரூபினி. பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் அதைப் பற்றிப் பேசுவாள். பழைய கம்ப்யூட்டர் செத்து வேறொன்றை மாட்டியதும் வந்தது வினை. காற்று பிந்தி ஊதியது. காம்பு உள்ளே நின்றது, நல்ல தூள் வெளியே பறந்தது.

"வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாகலன்னா ஒன் புரோகிராம தூக்கிட்டு வேற புரோகிராம வெளியிலேருந்து வாங்கிடுவேன்," என்றார் மேனேஜர் துரை.

நேரம் எங்கே வீணாகிறது என்று பார்க்க, புரோகிராமை ஒவ்வொரு படியிலும் கம்ப்யூட்டரிடம் நேரம் கேட்க வைத்தாள். இயந்திரம் இன்னும் மந்தமானது. தலையைப் பிய்த்துக்கொண்டு மகேனுக்குப் போன் போட்டாள்.

"மறுபடியுமா? நீ கேக்கிறப்பல்லாம் லோரிய ஓரங்கட்டித்தான்லா பதில் சொல்றேன். அதுலயே பாதி நேரம் போயிடுது!"

ரூபினி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அட, நேரம் கேட்பதற்கே நேரம் ஆகிறதே!

திறந்து பார்த்தால் அதேதான். கம்ப்யூட்டரின் மூளைக்குள்ளேயே நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும் 'எண்ணி' ஒன்று ஓடுகிறது, கேட்ட கையோடு பதில் சொல்லும். இந்தப் புதுக் கம்ப்யூட்டரின் ஆப்பரேட்டிங் சிஸ்டமோ அதன்மேல் சந்தேகப்பட்டு, ஊதும் கணத்தைப் பார்க்கப் புரோகிராம் நேரம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் வெளியே இருக்கும் மெதுவான கடிகாரத்தைப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. எண்ணி உண்மையிலேயே தப்பாக ஓடினால் காற்றும் தப்பாகத்தான் ஊதும். அதனால் ரூபினி அவசரப்படவில்லை. இரண்டையும் ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டாள். எண்ணி பிசகவில்லை. அதையே கேட்கும்படி மாற்றினாள், தேவையில்லாத கேள்விகளையும் எடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை துரையின் கண்ணெதிரே காம்புகள் துள்ளி வெளியே விழுந்தன. அவர் ஒரு பிடி தூளை அள்ளிப் பார்த்தார். வெளியிலிருந்து வாங்கும் பேச்சையே அப்புறம் எடுக்கவில்லை.

அன்று மகேனுக்கு ஒரு போன்கூடப் போடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். அவனோ வழக்கத்தைவிடப் பிந்தி வந்து சேர்ந்தான்.

"ஏன் போன் பண்ணல? கோவமா? நீ எப்பவும் கூப்பிடுற வளைவுலல்லாம் லோரிய நிறுத்தி நிறுத்திக் காத்துக்கிட்டே வந்தேன்லா."

ரூபினிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. மறுநாள் லோரி முதல் வளைவைத் தாண்டுவதற்குள் போன் போட்டுவிட்டாள்.