ஒரு கல்யாணம், இரண்டு தேதி: மும்பையில் ஒரு விசா வாரம்

ஜனவரியில் ஆறு நாள் மும்பைக்குப் போய்வந்தேன். ஊர் சுற்ற அல்ல, என் கணவரின் அமெரிக்கக் குடியேற்ற விசா நேர்காணலுக்காக. நான் செம்பூரில் வளர்ந்தவள். பதினாறு வருடமாக ஹூஸ்டனில் நர்ஸ் வேலை, இப்போது அந்நாட்டுக் குடியுரிமையும் இருக்கிறது. அவர் பெயர் சுடலைமணி. தாராவிக்காரர், காட்கோபரில் ஏசி மெக்கானிக். வெளிநாட்டில் இருந்துகொண்டு கணவனுக்கோ மனைவிக்கோ விண்ணப்பிக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

வியாழன் காலை ஆறே காலுக்கு விமானம் இறங்கியது. விமான நிலையத்திலிருந்து செம்பூரில் அம்மா வீட்டுக்கு டாக்சியில் 540 ரூபாய், முக்கால் மணி நேரம். ஏழரைக்கு மேல் இறங்குபவர்கள் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். என் கைப்பையில் ஒரு கோப்பு இருந்தது. 214 பக்கம், ஐந்து நிறத்தில் பிரிப்பான்கள், முதல் பக்கத்தில் பொருளடக்கம். இரண்டு வருடமாக இரவு டூட்டி முடிந்து வந்து உட்கார்ந்து நானே தயாரித்தது. அதைப் பார்த்த மணி, "ஏ யப்பா, இந்த விசா எனக்கா, இல்ல கப்பலுக்கா?" என்றார். சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மருத்துவப் பரிசோதனை. தூதரகம் அனுமதித்த இடங்களில் மட்டும்தான் செய்ய முடியும். முன்பதிவு அவசியம், கட்டணம் அவ்வப்போது மாறும், தடுப்பூசிச் சீட்டு இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். மூன்றரை மணி நேரத்தில் முடிந்தது. எல்லாம் சொன்னபடி நடக்க, எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு நேர்காணல் ஒத்திகைக்காக அவரை மாட்டுங்காவில் ஒரு காபிக் கடைக்கு வரச் சொன்னேன். செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் குரு தேக் பகதூர் நகர் வரை ஐந்து ரூபாய் டிக்கெட், அங்கிருந்து டாக்சி. ஃபில்டர் காபியும் ரச வடையும் வந்தன. நான் அதிகாரி, அவர் விண்ணப்பதாரர். மூன்றாவது கேள்வி, "உங்களுக்கு எப்போது கல்யாணம் ஆனது?"

"ஆவணி மாசம். சங்கரன்கோயில் பக்கம், எங்க ஊரு கோயில்ல வச்சு," என்றார் மணி.

வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். காரணம் இதுதான். விசா வேலையைச் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்று மூன்று வருடத்துக்கு முன், மார்ச் மாதமே மும்பையில் பதிவுத் திருமணம் செய்துவிட்டோம். ஒன்றரை மாத விடுப்பில் வந்து, நோட்டீஸ் கொடுத்து, காத்திருந்து, கையெழுத்துப் போட்டோம். நான் ஹூஸ்டன் திரும்பி அந்தச் சான்றிதழை வைத்துத்தான் மனு போட்டேன். தாலி கட்டியது ஐந்து மாதம் கழித்து, ஆவணியில். நம் வீடுகளில் இது சகஜம். அமெரிக்கப் பையன், அமெரிக்கப் பெண் என்றாலே 'முதல்ல ரெஜிஸ்டர் பண்ணிருவோம், கல்யாணத்தைப் பொறவு பாத்துக்குவோம்' என்பார்கள்.

மெதுவாகக் கேட்டேன். அவர் பங்குக்கு இணையத்தில் நிரப்பிய படிவத்திலும் ஆவணித் தேதியைத்தானா போட்டார்? அதையேதான் போட்டிருந்தார். அந்த ஒரு படிவத்தை மட்டும் அவரே நிரப்பட்டும் என்று பெருந்தன்மையாக விட்டிருந்தேன், சரிபார்க்கவும் இல்லை. மனுவில் மார்ச், அவர் படிவத்தில் ஆவணி.

கோபத்தில் கத்தாமல் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று.

"நீதான அத பேப்பர் வேலைன்னு சொன்ன ரேவதி. போன்ல ஒவ்வொருக்கவும் அப்படித்தான சொல்லுவ. நாந்தான் கல்யாணம்னு சொல்லணுமா?"

உண்மையிலேயே நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தேதி வேறாக இருப்பதைக்கூட நேர்காணலில் சொல்லித் திருத்திக்கொள்ளலாம். எனக்குப் பயம் அடுத்த கேள்வியில் இருந்தது. கையெழுத்துப் போட்ட பிறகு ஹூஸ்டனுக்குக் கிளம்பும்வரை ஒன்பது நாள் நான் அம்மா வீட்டில் இருந்தேன், அவர் தாராவியில் இருந்தார். "தாலி ஏறட்டும் தாயி, பொறவு வா," என்று அத்தை, அதாவது மணியின் அம்மா, சொல்லிவிட்டார். நம் கணக்கில் அது மரியாதை. விசாவுக்காகவே காகிதத்தில் கல்யாணம் செய்பவர்களைத் தேடும் அதிகாரியின் கண்ணுக்கோ அது சாட்சியத்தோடு மாட்டிக்கொண்ட பொய்க் கல்யாணம். விசா மறுக்கப்பட்டால் இன்னும் எத்தனை வருடம் போனிலேயே குடும்பம் நடத்துவது? எனக்கு முப்பத்தெட்டு வயது. அன்று முதல் தடவையாகப் பயந்தேன்.

உடனே ஒரு பதில் தயாரித்தேன். மார்ச்தான் கல்யாணம், ஆவணியில் வெறும் விருந்து என்று சொல்லுங்கள் என்றேன். மணி காபித் தம்ளரைக் கீழே வைத்தார். "அம்மா முன்னால கட்டுன தாலிய விருந்துன்னு சொல்ல மாட்டேன்," என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே விடவில்லை.

செவ்வாய் எட்டரைக்கு நேர்காணல். முதல்நாள் இரவு தாராவியில் தங்கி, தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து ஏழு பத்துக்கு ஆட்டோ எடுத்தோம். தூதரகம் இருக்கும் பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸுக்கு நாலு கிலோமீட்டர்தான், 25 நிமிடம், 68 ரூபாய். ஓட்டியவர் சீத்தா கேம்ப் தமிழர். கோப்பைப் பார்த்ததுமே விசாவா என்று கேட்டு, போனை உள்ளே விடமாட்டார்கள், இப்போதே அக்காவிடம் கொடுத்துவிடுங்கள் என்றார். நான் தயாரித்த பொருளடக்கத்தைவிடப் பயனுள்ள தகவல் அது.

உள்ளே அவர் மட்டும் போனார். நான் எதிரே நடைபாதையில் நின்றேன். உட்கார இடம் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். அவருடைய போன் என் கையில் இருந்தது. மூன்று மணி நேரத்தில் அத்தை பதினோரு தடவை கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் இன்னும் வரவில்லை என்றேன்.

பதினொன்று நாற்பதுக்கு வெளியே வந்தார். கையில் கோப்பு இருந்தது, பாஸ்போர்ட் இல்லை. விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பாஸ்போர்ட்டை அவர்கள் வைத்துக்கொண்டால் விசா ஒட்டத்தான். நடைபாதை என்றும் பார்க்காமல் அழுதேன்.

பக்கத்து டீக்கடையில் நின்றபடி நடந்ததைச் சொன்னார். அதிகாரி கோப்பைத் திறக்கவே இல்லையாம். இந்தி தெரிந்தவர். ஏன் இரண்டு தேதி என்றதற்கு, ஒன்று சட்டத்துக்கு, ஒன்று அம்மாவுக்கு, அதனால்தான் நடுவில் ஒன்பது நாள் தனித்தனியாக இருந்தோம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாராம். உங்களுக்கு எது கல்யாண நாள் என்பது அடுத்த கேள்வி.

"என்ன சொன்னீங்க?"

"ரெண்டும்தான்னு சொன்னேன். ஆவணிக்கு அம்மா எல்லாருக்கும் பாயசம் வைப்பா. மார்ச் வந்தா நான் மட்டும் லீவு போட்டுட்டு, கையெழுத்துப் போட்டமே அந்த ஆபீஸ் வாசல் வரைக்கும் போய்ட்டு வாரேன். அவளுக்கு ஞாபகம் இருக்காதுன்னேன். அந்த ஆளு சிரிச்சிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மார்ச் போயிருக்கிறது. இரண்டு தடவையும் அன்று மாலை நான் போன் செய்து, மனு எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் பேசியிருக்கிறேன்.

இனி உங்களுக்கான யோசனைகள். படிவத்தில் பதிவுத் தேதியைப் போடுங்கள், தாலி கட்டிய தேதி வேறென்றால் கேட்கும்போது ஒளிக்காமல் சொல்லுங்கள். இருவரும் தனித்தனியாக நிரப்பிய படிவங்களைச் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள், வீடியோ காலிலாவது. முதல்நாள் இரவு தாராவி, சயான் பக்கம் தங்குவது நல்லது, செம்பூரிலிருந்து காலையில் கிளம்பினால் நெரிசலில் மாட்டுவீர்கள். கோப்பு அறுபது பக்கம் போதும்.

மணிக்கு ஏப்ரலில் டிக்கெட் போட்டாயிற்று. இன்று அந்த மார்ச் தேதி. மும்பையில் காலை பத்து மணி ஆகும்போது, எனக்கு ராத்திரி டூட்டி நடுவில், அவரைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே வண்டிச் சத்தம். எங்கே நிற்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கல்யாண நாள் வாழ்த்து என்றேன்.