அண்ணன் உயரத்துத் தடி

கோல்ஃப் பழக ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். செத்துப்போனவரின் தடியை எடுத்து விளையாடாதீர்கள். ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம் பண்ணுகிறவனுக்கு கோல்ஃப் என்ன கேடு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெருவே கேட்டது. நானும் என் அண்ணனிடம் அதைத்தான் கேட்டேன். "உனக்கு இன்னாடா தெரியும், போடா" என்றார்.

அவருக்கு அந்தப் பைத்தியம் பிடிக்க வைத்தவர் சென்னையில் எங்களிடம் சேலை எடுக்கும் ஒரு கடை முதலாளி. முகூர்த்த சீசனுக்கு ஆர்டர் பேசப் போன அண்ணனை, நடந்துகொண்டே பேசலாம் வாருங்கள் என்று கோல்ஃப் புல்வெளிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். முதல் தடவை அண்ணன் ஆர்டரோடு வந்தார். அடுத்த தடவை ஒரு பை நிறையத் தடிகளோடு வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். ஊரை விட்டுப் போகிற யாரோ ஒரு நெட்டை மனிதர் கழித்துவிட்ட பழைய செட் அது. அண்ணன் ஆறடி. தையல்காரன் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அவருக்குப் பொருந்தியது. நான் அவர் தோளுக்குத்தான் வருவேன்.

மொட்டை மாடியில் கிரிக்கெட் வலை ஒன்றைக் கட்டி, கீழே தேங்காய்நார் மிதியடி போட்டு, தினமும் விடிந்ததும் அடிப்பார். பையில் அத்தனை தடி இருந்தாலும் கை போவது ஒன்றின் மேல்தான். அதற்கு டிரைவர் என்று பெயராம். எங்கள் வீட்டில் பெரிய தடி. இருப்பதிலேயே நீளமானது, தலை பெருத்தது. பந்தில் பட்டால் பித்தளைக் குடத்தைச் சுண்டினாற்போல் 'டங்' என்று கேட்கும். தெருவில் விசைத்தறிகள் ஓட ஆரம்பிக்கும் முன்னால் அந்தச் சத்தம்தான் எங்களை எழுப்பும். சத்தம் நின்றால் அண்ணி காபி கலப்பார். அண்ணன் படியிறங்கி வந்து கூடத்து நாற்காலியில் உட்காருவதற்கும் டம்ளர் வருவதற்கும் சரியாக இருக்கும். சர்க்கரை வியாதிக்காரர் என்பதால் வெறும் கசப்புக் காபி. அதை எப்படித்தான் குடித்தாரோ.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னைப் புல்வெளியில் ஒரு குளம் இருக்கிறது. அடிக்கிற இடத்துக்கும் கொடி நட்டிருக்கிற குழிக்கும் நடுவில். அண்ணன் போகும்போதெல்லாம் பெரிய தடியால் அதை ஒரே அடியில் தாண்டப் பார்ப்பார். பந்து தண்ணீரில்தான் விழும். வீட்டுக்கு வந்து, "அந்தக் கொளத்த ஒரே ஒரு தபா தாண்டிட்டா போதும்டா" என்பார். தாண்டவே இல்லை.

ஒரு மார்கழிக் காலையில் சத்தம் கேட்டது, நின்றது, படியிறங்கி வந்து உட்கார்ந்தார். "காபி" என்றார். அண்ணி கொண்டு வருவதற்குள் போய்விட்டார். தலை மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது, தூங்குகிறவர் மாதிரி. அண்ணி டம்ளரோடு அப்படியே நின்றார். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகும் நின்றார். என் மனைவிதான் அவர் விரல்களைப் பிரித்து டம்ளரை வாங்க வேண்டியிருந்தது. அழவில்லை. எடுக்கும்போதும் அழவில்லை, கருமாதி அன்றும் அழவில்லை. வந்திருந்த பெண்கள், "கல்லாட்டம் உக்காந்துகினு கிறாளே" என்று முணுமுணுத்தார்கள். அதற்குப் பிறகு அண்ணி பேசுவதையும் நிறுத்திவிட்டார். கேட்டால் உம் கொட்டுவார், அவ்வளவுதான்.

கருமாதி முடிந்து அண்ணனின் துணிமணிகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். தடிப் பையை யார் கேட்பார்கள்? அது மாடியிலேயே கிடந்தது. ஒரு நாள் காலையில் மனசு கேட்காமல் மேலே போனேன். பெரிய தடியை எடுத்தேன். பிடியில் கட்டைவிரல் பட்டுப் பட்டு ரப்பர் தேய்ந்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது. என் விரல் அதற்குள் போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகும் அதில் இடம் மிச்சம் இருந்தது. அட கடவுளே, அப்போது எனக்கு வந்த அழுகை! அழுதுகொண்டே அடித்தேன். அண்ணன் நிற்பதைப் பார்த்துப் பார்த்து வந்ததோ என்னவோ, பந்தில் பட்டது. டங். இன்னும் அடித்தேன். கை ஓய்ந்து நிறுத்தினேன்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணி டம்ளரோடு மேலே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, தடியைப் பார்த்தார். "ஆறிடப் போவுது" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த பேச்சு அதுதான். வாங்கிக் குடித்தேன். வேப்பங்காய் தோற்றது. நான் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடிக்கிற ஆள் என்பது அண்ணிக்கு நன்றாகத் தெரியும்.

அன்றையிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. தினமும் விடிந்ததும் மேலே போவேன். பெரிய தடியைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன். அடித்து முடித்தால் கசப்புக் காபி வரும். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்த வந்த அம்மாள் ஒரு நாள் என்னைப் பார்த்து வாளியைக் கீழே போட்டுவிட்டார். "நீங்களா? நான் பெரியவருன்னு நெனச்சிட்டேங்க" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எனக்கே அப்படித்தான் இருந்தது. அடிக்கும்போது வலது தோளுக்குப் பின்னால் யாரோ நின்று பார்க்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். பயத்தினால் இல்லை, திரும்பினால் போய்விடுவாரோ என்றுதான்.

என் மனைவிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. நீளத் தடியைச் சுற்றிச் சுற்றி என் இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துவிட்டபடியே ஒரு நாள் பிடிபிடியென்று பிடித்தாள்.

"வெரலுக்கேத்த வீக்கம் வேணும். அது ஆறடி ஆளு புடிச்சது. நீங்க அத்தத் தூக்கிகினு ஆடறது கொக்கு உலக்கையத் தூக்கினாப்பல கீது."

"காபி குடுக்கிறாங்க இல்ல? அண்ணி என்கிட்ட ரெண்டு வார்த்த பேசறாங்க இல்ல?"

"உங்களுக்கா குடுக்கிறாங்க? கேக்கறேன், உங்களுக்கா?" தைலப் புட்டியை டக்கென்று தரையில் வைத்தாள். "அக்காவுக்கு அவரு இன்னும் மாடியிலதான் கிறாரு. இந்தச் சத்தம் இருக்கிற வரிக்கும் அவங்க அழப்போறதில்ல, சோறு ஒழுங்கா துன்னப்போறதில்ல. எலும்பும் தோலுமா ஆயிட்டாங்க, கண்ணு தெரியலியா உங்களுக்கு?"

தெரிந்துதான் இருந்தது. அண்ணியின் வளையல்களைக் கழற்றிய கை இப்போது குச்சியாக இருந்தது. ஆனால் சத்தத்தை நிறுத்தினால் அந்த ஒரு வார்த்தையும் நின்றுபோகுமே. அப்புறம் அவர் என்ன ஆவார்? நிறுத்தினால் அண்ணி போய்விடுவார், நிறுத்தாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுவார். பேஜாராகிவிட்டது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அண்ணன் மாடியிலேயே இருந்தால் தேவலை என்றுதான் இருந்தது.

இந்த நேரத்தில் தடியின் பிடி பிய்ந்து தோலுரிய ஆரம்பித்தது. சென்னைக்குக் கொண்டுபோனால் பழைய ரப்பரை உரித்துவிட்டுப் புதுசு போட்டுவிடுவார்கள். அந்தப் பள்ளம் போய்விடும். அதனால் எங்கள் ஊர் வைத்தியத்தைச் செய்தேன். எங்கள் வீடுகளில் எது உடைந்தாலும் பட்டு நூல்தான். மூக்குக்கண்ணாடிக் கால், குடைப்பிடி, கரண்டிக் காம்பு, எல்லாவற்றுக்கும் கழிவுப் பட்டை முறுக்கி இறுக்கிச் சுற்றிவிடுவோம். கம்பியை விடக் கெட்டி. தேன் நிறப் பட்டு நூலை எடுத்துப் பள்ளம் தூர்ந்துவிடாமல் நெருக்கி நெருக்கிச் சுற்றி, நுனியை உள்ளே இழுத்துக் கட்டினேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. ஆரணி மாடியின் காய்ந்த காற்றில் கைக்கும் அருமையாக நின்றது.

சித்திரையில் சென்னை முதலாளி கூப்பிட்டார். சேலை சாம்பிள்களை ஒரு கையிலும் தடிப் பையை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு போனேன். அவர் நல்ல மனிதர், ஆனால் வாயை மூட மாட்டார். என்னை நிற்க வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஆரணிக்காரரே, இந்தத் தடியோட மூக்கு வானத்தப் பாக்குது. உங்க உயரத்துக்கு இது ரொம்ப நீளம். அடிச்சா பந்து இடது பக்கம்தான் ஓடும். தடி ஆளுக்குத் தக்கபடி இருக்கணும் சார், ஆள் தடிக்குத் தக்கபடி கோணக்கூடாது."

"இருக்கட்டுங்க" என்றேன்.

குளத்துக்கு முன்னால் வந்து நின்றோம். இதுதானா அது? எங்கள் ஊர் ஏரியில் பாதிகூட இல்லை. இதற்கா இந்த மனிதர் இத்தனை காலம் ஏங்கினார்!

"தாண்டணும்னு யாரு உங்களக் கேட்டா?" என்றார் முதலாளி. "ஏழாம் நம்பர் தடிய எடுங்க. குளத்துக்கு ஓரமா அதோ அந்தப் புல்லு வரைக்கும் போங்க. அங்கேருந்து சின்னதா ஒண்ணு தட்டுங்க. ரெண்டு அடியில போய்ச் சேரலாம். ஒரே அடியில போகணும்னுதான் எல்லாரும் மூழ்கறாங்க. உங்க அண்ணனுக்கும் இதத்தான் சொன்னேன், கேட்டாரா?"

நானும் கேட்கவில்லை. ஒரு தடவை, அவருக்காக ஒரே ஒரு தடவை. பெரிய தடியை எடுத்தேன். பட்டுப் பிடிக்கு அடியில் பள்ளத்தைத் தேடி விரலை வைத்தேன். சென்னைச் சித்திரை வெயிலில் உள்ளங்கை ஊற்றாகப் பொங்கிக்கொண்டிருந்தது. தோளுக்குப் பின்னால் அவர் நின்றார், சத்தியமாக நின்றார். என் பலம் எல்லாவற்றையும் கூட்டி வீசினேன்.

பட்டு வியாபாரிக்குத் தெரியாதா, நனைந்த பட்டு வழுக்கும் என்று? தெரியும். ஆனால் தோன்றவில்லை. கையிலிருந்து தடி வெண்ணெயாக உருவிக்கொண்டு போனது. பந்து காலடியிலேயே உருண்டு நின்றது. தடி மட்டும் சுழன்று சுழன்று பறந்து, குளத்தின் நடுவில் விழுந்தது. கொஞ்ச நேரம் அதன் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. உள்ளே தண்ணீர் ஏறியதோ என்னவோ, மெதுவாகச் சாய்ந்து மூழ்கியது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கப் போனேன். முதலாளி என் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"பந்த முழுகடிச்சவன நிறையப் பாத்திருக்கேன், தடியவே அனுப்பி வெச்ச ஆளு நீங்கதான்" என்று சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். தன் பையிலிருந்து ஒரு குட்டையான ஏழாம் நம்பர் தடியை எடுத்து நீட்டினார். அவர் வீட்டம்மாவுக்காக வெட்டிக் குட்டையாக்கியதாம். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் பிடித்து நின்றபோது இடுப்பு வளையவில்லை. வீம்புக்கு ஒன்று தட்டினேன். பந்து அதிக தூரம் போகவில்லை, நேராகப் போய் அவர் சொன்ன புல்லில் விழுந்தது. "இத நீங்களே வெச்சுக்குங்க" என்றார். பின்னால் திரும்பிப் பார்த்தேன். பல மாதங்களில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தேன். வெயில் மட்டும்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணி முகத்தைப் பார்க்க முடியாமல் படுத்துவிட்டேன். விடிந்ததும் மாடிக்குப் போனேன். கையில் குட்டைத் தடி. அடிப்பதா வேண்டாமா? அடிக்காவிட்டால் கீழே அவர் சத்தத்துக்காகக் காத்திருப்பார். அடித்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். வருவது வரட்டும் என்று அடித்தேன். 'டிக்' என்றது. சுண்டு விரலால் கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கீழே சமையலறையில் பாத்திரங்கள் புழங்கிக்கொண்டிருந்தன, அது நின்றுவிட்டது. இன்னொன்று அடித்தேன். கீழே எந்த அரவமும் இல்லை. அதற்குமேல் எனக்குத் தெம்பில்லை.

நெடுநேரம் கழித்துப் படியில் காலடி கேட்டது. அண்ணி டம்ளரோடு வந்தார். அதை என் கையில் கொடுத்துவிட்டுத் தடியைப் பார்த்தார். அப்புறம் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அவரோடது எங்க, தம்பி?"

"கொளத்துல வுழுந்துடுச்சி அண்ணி."

"தண்ணியிலயா?"

"ஆமாங்க."

மாடியின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அண்ணனின் சாம்பலைக் கரைக்க ஆண்கள் நாங்கள்தான் போனோம். அண்ணியை யாரும் கூப்பிடவில்லை, எங்கள் வழக்கத்தில் கூப்பிடுவதில்லை. அது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"நீங்க கண்ணால பாத்தீங்களா, முழுகறத?"

"பாத்தேன் அண்ணி. கொஞ்ச நேரம் தல மேலயே தெரிஞ்சிது. அப்புறம் மெதுவா பூடுச்சி."

"பூட்டாரா" என்றார். அப்படியே படியில் உட்கார்ந்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஆரம்பித்த அழுகை, முந்தானையில் நிற்கவில்லை. என் மனைவி கீழேயிருந்து ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்து பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். தெருவில் விசைத்தறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. அந்த இரைச்சலையும் மீறி அண்ணியின் குரல் கேட்டது.

என்ன செய்வது என்று தெரியாமல் கையிலிருந்த காபியை வாயில் வைத்தேன். அதில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டிருந்தது.